பால் வேறு, டயர் வேறு: எங்கள் பேரூராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பேரூராட்சித் தலைவர், செயல் அலுவலர், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன செவ்வாய்க்கிழமை உங்கள் ஊழியர் ஒருவர் சிறிய லாரியோடு என் கடைக்கு வந்தார். அங்கன்வாடிகளிலும் தொடக்கப் பள்ளிகளிலும் கீரைத் தோட்டம் போட மன்றம் முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். பாத்திக்குப் பழைய டயர் வேண்டுமாம். கடையின் பின்புறம் அடுக்கியிருக்கும் 60 டயர்களையும் ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். மூன்று அங்கன்வாடிகளில் ஏற்கெனவே வேலை முடிந்துவிட்டது என்று தன் போனில் படமும் காட்டினார். மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகப் பெயின்ட் அடித்த டயர்கள், உள்ளே முளைவிட்ட தண்டங்கீரை, பக்கத்தில் கைதட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைகள்.

நான் ஒரு டயர்கூடக் கொடுக்கவில்லை. அவர் வருத்தத்தோடு ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணாச்சி, ரப்பர் நம் விளையில் மரத்திலிருந்து வடிகிற பால்தானே? அதில் என்ன விஷம் இருக்கப்போகிறது?"

அந்தக் கேள்விக்கு லாரி நிற்கிற நேரத்துக்குள் பதில் சொல்ல முடியவில்லை. இந்த மடல் அதற்கான பதில். உங்கள் முடிவை எதிர்த்துத்தான் எழுதுகிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டம் போகிற சாலையோரம் 31 ஆண்டுகளாக டயர் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு 7 ஆண்டுகள், தேய்ந்த டயருக்குப் புதுத் தடம் ஒட்டுகிற ரீட்ரெடிங் பட்டறையில் வேலை பார்த்தேன். என் அப்பா பால் வெட்டுத் தொழிலாளி. சிறு வயதில் விடியற்காலையில் அவரோடு ரப்பர் விளைக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்குப் போய்ச் சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்தவன் நான். ரப்பரின் பிறப்பையும் பார்த்திருக்கிறேன், அது மொட்டை டயராகி என் கடைக்குப் பின்னால் வந்து கிடப்பதையும் பார்க்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த 60 டயர்களை நீங்கள் எடுத்துப்போனால் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை, இடம் காலியாகும். அவற்றை வைத்துக்கொண்டு நான் படுகிற தொல்லை கொஞ்சமல்ல.

உங்கள் ஊழியர் கேட்டதில் பாதி உண்மை. மரத்தில் வடிகிற பால் நல்ல பால்தான். அதில் தண்ணீர் கலந்து, சிறிது பார்மிக் ஆசிட் விட்டு, தட்டில் உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, வெயிலில் காயவைத்துப் புகை போடுகிறோம். நம் ஊரிலிருந்து லாரி ஏறுகிற வரை அது அவ்வளவுதான். அதன் பிறகு டயர் கம்பெனியில் என்ன நடக்கிறது என்பதை நாம் பார்ப்பதில்லை. கார் டயர் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதன் எடையில் நம் மரத்து ரப்பர் சராசரியாக ஐந்தில் ஒரு பங்குதான். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பர். இன்னொரு நான்கில் ஒரு பங்கு கார்பன் கரியும் அதைப் போன்ற நிரப்பிகளும். டயரின் கறுப்பு அந்தக் கரியிலிருந்து வருவது. மிச்சத்தில் இரும்புக் கம்பி, நூல், எண்ணெய், கந்தகம், துத்தநாக ஆக்சைடு, ரப்பரில் வெடிப்பு விழாமல் காக்கிற ரசாயனங்கள். லாரி, பஸ் டயரில் நம் ரப்பர் கூடுதலாக இருக்கும், கம்பியும் கூடுதலாக இருக்கும். பாலைக் காட்டி டயருக்குச் சான்று கொடுக்க முடியாது.

ரீட்ரெடிங் பட்டறையில் முதல் வேலை பஃபிங். தேய்ந்த டயரைச் சுழலவிட்டு மேல்தடத்தைச் சுரண்டி எடுப்போம். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் நிற்போம். இருந்தாலும் மாலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். சோறு பிசைகிற விரலில் மூன்று முறை சோப்பு போட்டாலும் அந்த வாடை போகாது. எனக்கு வயது இருபத்திரண்டு அப்போது, அதைப் பற்றி யோசித்ததில்லை. இன்று அந்த வாடை அடிக்கிற பொருளுக்குள் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கீரை முளைப்பதைப் படத்தில் பார்த்ததும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இனி நான் சொல்லப்போவது என் தவறு. 2016இல் டயர்த் தோட்டம் போடலாம் என்று யாரோ சொல்ல, என் வீட்டுப் பின்புறத்தில் 14 டயர்களை வெட்டி மண் நிரப்பினேன். கீரை, வெண்டை, மிளகாய், இரண்டு டயரில் சேம்பு. ஐந்தாறு டயர்களைப் பாதியாக வெட்டிச் சுவரில் தொங்கவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் நானே இலவசமாக வெட்டிக் கொடுத்தேன். இருபது வீடுகளுக்காவது கொடுத்திருப்பேன். இந்த ஊரில் டயர்த் தோட்டத்தைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இதில் எனக்கு இத்தனை பதற்றம்.

முதல் இரண்டு ஆண்டுகள் குறை ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் ஆண்டில் வெட்டிய விளிம்பிலிருந்து கம்பி எட்டிப் பார்க்கத் தொடங்கியது. டயரின் உள்ளே இருப்பது மயிரிழை போன்ற எஃகுக் கம்பி. துருப்பிடித்ததும் பிரிந்து ஊசிபோல் நிற்கும். கீரை பறிக்கப் போன என் மனைவிக்கு அது உள்ளங்கையில் ஏறியது. டெட்டனஸ் ஊசி போட்டு வந்தோம். கீரையின் குருத்திலைகளும் அடிக்கடி வெளிறின. தரையில் அதே மண்ணில், அதே சாணத்தில் விதைத்த கீரை பச்சையாக இருந்தது. அது டயரால் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவே.

2019 அக்டோபரில் என் பேத்திக்கு டெங்கு வந்தது. ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தாள். ஒவ்வொரு காலையிலும் இரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையைக் கேட்டுவிட்டுத்தான் நாங்கள் தண்ணீர் குடித்தோம். அவள் வீடு திரும்பிய மறுநாள் கொசு ஒழிப்புப் பணிப்பெண் ஒருவர் வந்தார். டார்ச் அடித்து ஒவ்வொரு பாத்திரமாகப் பார்த்தவர், சுவரில் தொங்கிய டயர் ஒன்றின் அடிவளைவில் கரண்டியை விட்டு எடுத்தார். மண் அமர்ந்து இறங்கியதால் ஓரத்தில் ஒரு கை அளவு தண்ணீர் நின்றிருந்தது. கரண்டியில் புழுக்கள் நெளிந்தன. அவர் திட்டவில்லை. "ஐயா, உங்களுக்குத் தெரியாததா, டயரைப் போட்டு வைக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே 14 டயர்களையும் அகற்றினேன். கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னேன். சிலர் எடுத்தார்கள், சிலர் இன்னும் எடுக்கவில்லை.

டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை பல மாதங்கள் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் நனைந்ததும் பொரிந்து, ஒன்றிரண்டு வாரத்தில் கொசுவாகிப் பறந்துவிடும். டயரின் உட்சுவர் கறுப்பு, நிழல், சொரசொரப்பு, கவிழ்த்தாலும் முழுதாகத் தண்ணீர் வடியாத வளைவு. அந்தக் கொசுவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. ஆசியப் புலிக்கொசு என்கிற ஏடிஸ் வகை கடல் தாண்டி அமெரிக்காவில் காலூன்றியதே பழைய டயர் வணிகத்தோடு போய்த்தான். 1985இல் டெக்சாசின் ஹூஸ்டனில் அதைக் கண்டுபிடித்தார்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. இதோடு ரப்பர் விளைகளில் பால் வெட்டாத மாதங்களில் சிரட்டையைக் கவிழ்க்காமல் விட்டாலே போதும், கொசு பெருகும். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கிற பாறசாலையில் 2021 ஜூலையில் ஜிகா வைரஸ் நோய் கண்டறியப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதைப் பரப்புவதும் இதே கொசு.

உங்கள் பேரூராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வாரந்தோறும் எங்கள் தெருவுக்கு வருகிறார்கள். பழைய டயர், சிரட்டை, உடைந்த பானை எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். மூடாமல் டயர் வைத்திருந்ததற்காக என்னிடமே ஒருமுறை அபராதம் வசூலித்தார்கள். நியாயமான அபராதம், கட்டினேன். அதே பேரூராட்சி அதே டயரை வாங்கி அங்கன்வாடியில் கொண்டுபோய் வைக்கிறது. ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு. பகலில் அங்கன்வாடியில் இருப்பது யார்?

கொசுவை விட்டுவிடுங்கள், வாரம் ஒருமுறை பார்த்துச் சரிசெய்கிறோம் என்று நீங்கள் சொல்லலாம். மண்ணுக்குள் இறங்குவதை எப்படிப் பார்ப்பீர்கள்? டயரின் எடையில் நூற்றில் ஒன்று முதல் இரண்டு பங்கு துத்தநாகம். ஒரு கார் டயரில் ஏறக்குறைய 100 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். செடிக்கு அது சிறிதளவு வேண்டும், மிகுந்தால் நஞ்சு. இரும்புச் சத்தை எடுக்கவிடாமல் செய்து குருத்தை வெளிற வைக்கும். அமில மண்ணில் துத்தநாகம் எளிதில் கரைந்து வேருக்குப் போகும். நம் மேற்குப் பகுதியின் செம்மண்ணும் சரளை மண்ணும் அமிலத்தன்மை உள்ளவை. ரப்பர் அத்தகைய மண்ணைத் தாங்கி வளரும். ஆகவே வறண்ட கார மண் உள்ள ஊரில் ஒருவர் டயரில் செடி வளர்த்துக் குறை காணவில்லை என்பது நமக்குச் சான்று ஆகாது.

டயரில் சேர்க்கிற எண்ணெயில் பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் இருக்கும். அவற்றில் ஒன்றான பென்சோபைரீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜனவரி முதல் டயர் எண்ணெயில் இவற்றுக்குக் கடுமையான வரம்பு விதித்தது. என் கடைக்குப் பின்னால் கிடக்கிற டயர்கள் எந்த ஆண்டில், எந்த எண்ணெயில் செய்தவை என்று எனக்குத் தெரியாது. 31 ஆண்டு அனுபவம் உள்ள எனக்கே தெரியாதது, டயரை லாரியில் ஏற்ற வந்தவருக்கு எப்படித் தெரியும்?

ரப்பரில் வெடிப்பு விழாமலிருக்க 6பிபிடி என்கிற ரசாயனம் சேர்க்கிறார்கள். அது காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து வேறொரு பொருளாக மாறுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழைக்குப் பின் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்ததற்குக் காரணம் சாலையிலிருந்து வடிந்த அந்தப் பொருள்தான் என்று 2020இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வியன்னா பல்கலைக்கழகத்தில் லெட்டூஸ் கீரையை வைத்துச் சோதித்தபோது, டயரிலிருந்து வருகிற இத்தகைய ரசாயனங்களை அந்தக் கீரை வேர் வழியாக உறிஞ்சி இலை வரை ஏற்றியது. அந்தச் சோதனை மண்ணில் நடந்ததல்ல, சத்து கலந்த நீரில் வளர்த்த செடியில் நடந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வெட்டாத முழு டயரிலிருந்து ரசாயனம் வெளியேறுவது மெதுவாகத்தான். ஒரு டயரில் வளர்ந்த கீரையைத் தின்று இன்னார் நோயுற்றார் என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. ஆபத்தில்லை என்று சொல்கிற தோட்டக்காரர்கள் பலர் உண்டு. என் வீட்டுப் பெரியவர்கள் நாங்கள் மூன்று ஆண்டு தின்றோம், நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் வெட்டினால், வெயிலில் வெடித்தால், பழையதானால் வெளியேற்றம் கூடும். நீங்கள் கேட்பது பழைய டயர், வைத்திருப்பது வெட்டிய டயர், வைத்திருக்கிற இடமோ நிழலில்லாத முற்றம். மார்ச், ஏப்ரல் வெயிலில் கறுப்பு டயரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். தின்னப்போவது வளர்கிற பிள்ளைகள், அதுவும் தினமும். என் வீட்டில் நான் எடுத்துக்கொண்ட துணிச்சலை ஊரார் பிள்ளைகள் மீது நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

படத்தில் பார்த்த பெயின்டைப் பற்றியும் கேட்கிறேன். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. தொழிற்சாலைப் பெயின்டுக்கு அந்த விதி பொருந்தாது. டயருக்கு அடித்தது எந்தப் பெயின்ட்? மஞ்சளும் சிவப்பும்தான் அந்தக் காலத்தில் ஈயம் அதிகம் சேர்த்த நிறங்கள். ரப்பர் மேல் அடித்த பெயின்ட் ஓராண்டில் செதில் செதிலாக உரிந்து கீரை மண்ணிலேயே விழும்.

கழிவைக் குறைக்கிறோம் என்கிற உங்கள் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இதில் கழிவு குறையவில்லை, அதன் இருப்பிடம் மாறுகிறது. ஏழெட்டு ஆண்டில் இந்த டயர்கள் வெடித்து உதிரும். அப்போது மண்ணும் வேரும் கம்பியும் கலந்த அந்தப் பொருளை எந்த மறுசுழற்சிக்காரரும் எடுக்க மாட்டார். குப்பைக் கிடங்கில் சேரும், ஒருநாள் தீப்பிடிக்கும். டயர் எரிகிற புகையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. 2022இல் திருத்தப்பட்ட அபாயகரக் கழிவு விதிகளின்படி, டயர் தயாரிக்கிறவர்களுக்கும் இறக்குமதி செய்கிறவர்களுக்கும் பழைய டயரை மறுசுழற்சிக்கு அனுப்புகிற பொறுப்பு உண்டு. பதிவு பெற்ற நிறுவனங்கள் அதைத் தூளாக்கிச் சாலைத் தாரில் சேர்க்கின்றன, மீட்பு ரப்பராக்குகின்றன. என்னைப் போன்ற சிறிய கடைக்காரனுக்கு 60 டயரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லை. அதற்கு வழிசெய்வதுதான் பேரூராட்சியின் வேலை என்று நினைக்கிறேன்.

தோட்டத்துக்குப் பாத்தி வேண்டுமென்றால் நம் மாவட்டத்தில் பஞ்சமா? வெட்டுக்கல் கிடைக்கிறது. தேங்காய்த் தொண்டு (மட்டை) மலைபோல் கிடக்கிறது, அடுக்கி மண் போட்டால் இரண்டு ஆண்டு ஈரம் காக்கும், பிறகு எருவாகும். காய்ப்பு நின்ற தென்னந்தடியை நீளவாக்கில் பிளந்து வைத்தால் நல்ல தொட்டி. வேலை குறைந்து உட்கார்ந்திருக்கிற மண்பாண்டத் தொழிலாளர்கள் நம் பக்கத்து ஊர்களிலேயே இருக்கிறார்கள். முற்றத்தில் மண் இருக்கிற அங்கன்வாடிக்குப் பாத்தியே தேவையில்லை, மண்வெட்டி போதும்.

ஆகவே நான் கேட்பது இவை. அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் டயர் கொடுக்கும் திட்டத்தை இன்றே நிறுத்துங்கள். மூன்று அங்கன்வாடிகளில் உள்ள கீரையைப் பறித்துப் பிள்ளைகளுக்குச் சமைக்க வேண்டாம் என்று நாளைக் காலைக்குள் பணியாளர்களிடம் சொல்லுங்கள். அந்த டயர்களை வடகிழக்குப் பருவமழைக்கு முன் அகற்றுங்கள். அகற்றியதைக் கிடங்கு வெளியில் குவிக்காமல், கூரைக்கு அடியில் வைத்துப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். உள்ளே இருந்த மண்ணை உணவுப் பயிருக்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் ஒரு பகுதியைத் துத்தநாகம், ஈயம், ஹைட்ரோகார்பன் மூன்றுக்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, முடிவு எதுவாக இருந்தாலும் அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். நான் சொன்னது தவறென்று அந்த முடிவு காட்டினால் அதே பலகைக்கு முன் நின்று ஒப்புக்கொள்வேன்.

பூங்காவில் பூச்செடிக்கு டயர் வைத்தே தீரவேண்டும் என்றால், வெட்டாமல் வையுங்கள், அடியில் துளையிடுங்கள், விளிம்பு வரை மண் நிரப்புங்கள், தொங்கவிடாதீர்கள், வாரந்தோறும் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். உண்கிற எதையும் அதில் நடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறித்து, டயர் கடைகளிலும் வீடுகளிலும் கிடக்கிற பழைய டயர்களைப் பேரூராட்சியே சேகரித்து அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். அதற்கான லாரி வாடகையில் என் பங்கைத் தருகிறேன், மற்றக் கடைக்காரர்களிடமும் பேசுகிறேன்.

அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் இந்த மடலைச் சேர்த்து, முடிவை எழுத்தில் தெரிவியுங்கள். கூட்டத்துக்கு என்னை அழைத்தால் வெட்டிய டயர் ஒன்றையும், என் வீட்டுச் சுவரில் தொங்கி நான் இன்னும் எறியாமல் வைத்திருக்கிற பாதி டயரையும் கொண்டுவருகிறேன். விரலை விட்டுப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
உங்கள் பேரூராட்சியில் 31 ஆண்டுகளாக டயர் கடை நடத்துகிற ஒருவன்